எழும்பி நிற்கும் மணிகள்

முதலில் கீழ்க்கரையைத்தான் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற பொம்மைக்குத் தலை இல்லை, அந்தக் கழுத்துக்கு மேலே பார்க்க எனக்கு ஏலாது என்பது மண்டப வாசலிலேயே தெரிந்துவிட்டது, அதனால் கண்ணை நிலத்தோடு நிலமாகக் கொண்டுபோய்ப் பாவாடையின் கரையில் வைத்தேன். கடும் நீலக் கம்பளித் துணி, ஏறக்குறையக் கறுப்பு. அதில் வெள்ளை மணிகளால் அரைவட்டங்கள், ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு வரிசையாக ஓடுகின்றன, ஒவ்வொன்றின் உச்சியிலும் இரண்டு தளிர் முளைத்து ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் சுருண்டு கிடக்கிறது. நல்ல வளைவு. கை நடுங்காமல் போட்ட வளைவு. வளைவு போட்டவளுக்குத் தெரியும், சுருளின் கடைசி மூன்று மணியில்தான் எல்லாம் கெட்டுப்போகும், நூலை ஒரு இழை கூடுதலாக இழுத்தால் சுருள் மூக்குடைந்து நிற்கும், இங்கே ஒன்றுகூட உடையவில்லை, முன்பக்கத்தில் ஒன்பது அரைவட்டம், பதினெட்டுச் சுருள், ஒன்றுகூட. தையல்காரியின் கண் வெட்கம் கெட்டது. செத்தவீட்டில் பக்கத்தில் இருந்து அழுகிறவளின் சட்டைக் கை ஏன் இழுக்கிறது என்று பார்க்கும். இது என் மகள் ஆரணி கல்யாணத்துக்கு உடுத்த உடுப்பு. அவள் செத்துப் பதினாலு மாதம். கல்யாணம் நடந்து மூன்று வருஷமும் சொச்சமும். நான் இன்றைக்குத்தான் முதன்முதலாக இதைப் பார்க்கிறேன், பார்த்தவுடன் சுருள் எண்ணுகிறேன்.

கண் டொக்டரிடம் போகிறேன் என்று என் மனிசன் குலத்துக்குச் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் பொய் சொன்னேன் என்று பஸ்ஸுக்குள் யோசித்துக்கொண்டே வந்தேன், சொல்லியிருந்தால் குலம் காரை எடுத்திருப்பார், ஒன்றும் கேட்டிருக்க மாட்டார், அந்த ஒன்றும் கேட்காமல் ஓட்டுகிற முகத்துக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருக்க ஏலாது என்றுதான். மருமகன் டெறிக் போன கிழமை அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தான், தன் அம்மாவின் மணிவேலைகள் எல்லாம் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள், ஆரணியின் கல்யாண உடுப்பும் இருக்கிறது, விருப்பம் என்றால் வாங்கோ என்று. அவர் அதை எனக்குச் சத்தமாக வாசித்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். மருமகன் என்கிறேன். அந்தச் சொல்லை அவள் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பொடியன், அவன், உன்ர ஆள், இப்படித்தான். முதன்முதல் அவள் வந்து சொன்ன அன்று நான் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், என்ன ஆக்கள் என்று கேட்டேன், எங்கட வாயில் முதலில் வருகிற கேள்வி அது. ஹோடினோஷோனி என்றாள். எனக்கு விளங்கவில்லை. நீண்ட வீடு கட்டி வாழ்ந்த சனம் அம்மா, ஆறு இனம் ஒன்றாகச் சேர்ந்தது, இவன் அதில மோஹாக், வெள்ளைக்காரர் வர முந்தியே இந்த நிலம் அவையின்ர நிலம் என்றாள். எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது, விளங்கிய கையோடு, அவங்கள் குடிக்கிற ஆக்களெல்லோ என்று சொன்னேன். ஒரு ஆளையும் தெரியாமல் சொன்னேன். பஸ்ஸில் யாரோ சொன்னது, கடையில் யாரோ சொன்னது. ஊரில் எங்களைப் பற்றியும் எத்தனை பேர் எவ்வளவு சொன்னார்கள், அதைக் கேட்டு வெந்துதானே இங்கே ஓடி வந்தோம், வந்த இடத்தில் நானும் அதே வாயால். ஆரணி கிட்ட வந்தாள். ஆய்ந்த கீரையை எடுத்துக் கழுவினாள். இரண்டு தண்ணீரில் கழுவிவிட்டு மூன்றாவது தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முதுகு. பச்சை பெனியன் போட்ட அந்த முதுகு எனக்கு இப்போதும் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வருகிறது, குழாயைக் கெதியாய்ப் பூட்டிவிடுகிறேன், கீரை வாங்குவதையே விட்டுவிட்டேன்.

பாவாடைக் கரையில் இருந்து கண்ணை மேலே ஏற்றினேன். பாவாடையின் முன் மூலையில் மட்டும் ஒரு மரம், அடியில் அகன்று மேலே போகப் போகக் கிளைவிட்டு, கிளை நுனியில் பூவும் மொட்டுமாக. ஒரு மூலையில் மட்டும். மற்றப் பக்கம் வெறும் நீலம். நான் என்றால் இரண்டு மூலையிலும் வைத்திருப்பேன், எங்களுக்கு வெறுமையாக ஒரு இடம் இருந்தால் கை கடிக்கும், கல்யாணப் பொம்பிளைக்குச் சட்டை தைக்கிறபோது முதுகில் ஒரு அங்குலம் விட்டால் ஏன் அக்கா இதில ஒண்டும் வைக்கேல்லையோ என்று கேட்பார்கள். இந்த மனிசி, டெறிக்கின்ர தாய், விட்டிருக்கிறா. விட்டதால்தான் மரம் மரமாக நிற்கிறது. அதற்கு மேலே பூப்போட்ட பருத்தி மேற்சட்டை, ஓரத்தில் ஊதா நாடா, நாடாவின் இரண்டு விளிம்பிலும் ஒற்றை வரிசை மணி. அதற்கு மேலே, தோளை மூடிக்கொண்டு, கத்தரிப்பூ நிற வெல்வெட்டில் அகன்ற காலர். அங்கே வந்ததும் என் கண் நின்றுவிட்டது. ஏனென்றால் அங்கே மணிகள் துணியில் படுத்திருக்கவில்லை. எழும்பி நிற்கின்றன. இலை ஒவ்வொன்றும் புடைத்து, பூவின் இதழ் வயிறு வைத்து, பழம் பழமாகவே உருண்டு, கையால் கிள்ளி எடுக்கலாம் போல. அடியில் கடும் பச்சை, அடுத்த வரிசை இளம்பச்சை, அதற்கடுத்தது மஞ்சள் கலந்தது, விளிம்பில் நிறமே இல்லாத கண்ணாடி மணி, லைற் அந்தக் கண்ணாடி மணியில் விழுந்து இலைக்கு ஈரம் பூசியது மாதிரி இருக்கிறது. இதைத்தான் அவள் அன்றைக்கு எனக்குச் சொன்னாள். கல்யாணத்துக்கு நாலு மாதம் இருக்க, போனில், அவள் அவர்களுடைய வீட்டுக்குப் போய்வந்த ஞாயிற்றுக்கிழமை. அம்மா, அவா நூலில கூடுதலா மணி கோர்க்கிறா, தைக்கிற இடம் அவ்வளவுக்குக் காணாது, அதால மணியெல்லாம் எழும்பி வளைஞ்சு நிக்குது, நீங்கள் ஒருக்கா வந்து பாக்கவேணும் என்றாள். நான் என்ன சொன்னேன். அது பிழையான வேலை, நூல் துணியோட கிடக்கவேணும், எழும்பினா கொழுவி அறுந்துபோகும் என்றேன். மறுபக்கத்தில் அவள் மூச்சு விடுகிறது கேட்டது. சரியம்மா என்றாள். சரியம்மா. பிழையான வேலை இல்லை பிள்ளை. இப்ப பார்க்கிறேன். இடத்தை விட மணியைக் கூடக் கோர்த்து, அதை அறுந்துபோகாமல் இழுத்து இறுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் எத்தனை கூட வேண்டும் என்று கைக்குள் கணக்கு வைத்து, நாலு கூடினால் குன்று, ஆறு கூடினால் சரிந்து விழும். எனக்கு வராது. முப்பது வருஷம் தைத்தவளுக்கு வராது. அதை உனக்குச் சொல்ல எனக்குப் போன் நம்பர் இல்லை.

பிறகும் அவள் விடவில்லை. நேரே வந்தாள். நான் நிலக்கீழ் அறையில் சட்டத்தில் துணி பூட்டிக்கொண்டிருந்தேன், வேறு யாரோ ஒரு பொம்பிளையின் கூறைக்குச் சட்டை, சிவப்புப் பட்டு. ஆரணி படியில் இருந்தாள், கீழ்ப்படியில், சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டுப்பாடம் செய்கிற அதே படி. அவா பாவாடையும் காலரும் தைக்கிறா, அதுக்குள்ள போடுறதுக்கு ஒரு சட்டை நீங்கள் தைச்சுத் தருவியளோ அம்மா என்று கேட்டாள், வெள்ளைதான், வேலை ஒண்டும் வேண்டாம், சும்மா ஒரு சட்டை. கெஞ்சவில்லை. கேட்டாள். நான் ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், ஊர் முழுக்கக் கல்யாணப் பொம்பிளையளுக்குத் தைச்சுக் குடுத்தனான், உனக்குத் தைக்கமாட்டன் என்று. அந்த வசனத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் சொல்லி முடித்தபோது நல்லாய்ச் சொன்னேன் என்று ஒரு நிமிஷம் இருந்தது, அந்த ஒரு நிமிஷத்தைத்தான் என்னால் மன்னிக்க ஏலாமல் இருக்கிறது, வசனத்தைக்கூட இல்லை. அவள் எழும்பிப் படியேறிப் போனாள். பதின்மூன்று படி. அதன் பிறகும் நாங்கள் பேசாமல் இல்லை, அதுதான் கொடுமை, கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் அவளே போன் எடுத்தாள், பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து நிமிஷம், குளிர், அப்பாவின் பிறஷர், கத்தரிக்காய்க்குப் பால் எப்ப விடுகிறது. கல்யாணத்தைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவள் அனுப்பிய படங்களை நான் திறக்கவில்லை. மெல்ல மெல்லச் சரிவரும் என்று இருந்தேன், அவசரம் இல்லை என்று இருந்தேன், முப்பத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன அவசரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை தலைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடித்துக் குளியலறையில் விழுந்தாள். டெறிக் வேலைக்குப் போய்விட்டிருந்தான்.

இரண்டு மணிக்குச் சனம் சேர்ந்தது, பதினைந்து பேர் இருக்கும், செய்தவரே வந்து விளக்கம் சொல்லப்போகிறா என்று யாரோ சொன்னார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த நேரத்துக்கு வந்திருக்க மாட்டேன். போய்விடலாம் என்று திரும்பினேன், வாசல் பக்கம் அவா வந்துகொண்டிருந்தா, டொறீன், என் மகளின் மாமியார். முகத்தை வைத்து எனக்குத் தெரியவில்லை, சப்பாத்தை வைத்துத் தெரிந்தது. செத்தவீட்டில் நான் தலை நிமிரவே இல்லை, மாத்திரை தந்து கதிரையில் இருத்தியிருந்தார்கள், முந்நூறு சோடிக் கால்கள் எனக்கு முன்னால் வந்து நின்று போயின, அதில் ஒரு சோடி மண்ணிறச் சப்பாத்து மட்டும் கனநேரம் நின்றது, யாரோ என் தலையில் கை வைத்தார்கள், பாரமான கை, பிறகு எடுத்துக்கொண்டு போனார்கள். டெறிக்கின்ர தாய் என்று தங்கச்சி பிறகு சொன்னாள். அதே சப்பாத்து. நான் ஒரு உயரமான ஆளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவா கதைக்கத் தொடங்கினா, மெல்லிய குரல், அவசரப்படாத ஆறுதலான ஆங்கிலம், எனக்கு முழுக்க விளங்கியது, விளங்காமல் இருந்திருக்கலாம். அந்த அரைவட்டம் வானத்தின் கூரை என்றா. அதற்கு மேலே ஒரு உலகம் இருக்கிறது, அங்கே ஒரு மரம் நின்றது, அங்கிருந்து ஒரு பெண் விழுந்தாள், கீழே எங்கும் தண்ணீர், நீர்ப்பறவைகள் செட்டையை விரித்து அவளைத் தாங்கிக் கொண்டுவந்து ஆமையின் முதுகில் விட்டன, அந்த முதுகுதான் இந்த மண். எல்லோரும் கரையைப் பார்த்தார்கள். நான் ஓடு பதித்த ஒரு நிலத்தைப் பார்த்தேன். நான் ஒருநாளும் போகாத வீடு, ஒருநாளும் காணாத குளியலறை, ஆனாலும் ஓட்டின் நிறம் எனக்குத் தெரியும், வெள்ளை, மனதுக்குள் நான்தான் வெள்ளை பூசி வைத்திருக்கிறேன், விழுகிறவளைத் தாங்க அங்கே ஒன்றும் இல்லை, ஒரு பறவை இல்லை, திறந்த குழாய்த் தண்ணீர்கூடத் தானாக நிற்கவில்லை. மூச்சு விடு. பதினைந்து பேருக்கு நடுவில் நிற்கிறாய். மூச்சு விடு.

டொறீன் காலருக்கு வந்துவிட்டா. மருமகளுக்கு என்ன பழம் விருப்பம் என்று கேட்டாவாம், மாம்பழம் என்றாளாம், தனக்கு மாம்பழம் தைத்துப் பழக்கம் இல்லை, தெரிந்தது ஸ்ட்ரோபெரிதான், அதைத்தான் வைத்தாவாம், கல்யாணம் முடியும் வரைக்கும் ஆரணி அதை மாம்பழம் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தாள் என்றா. சனம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் அப்படித்தான், அவள் அப்படித்தான் என்று சொல்ல வாய் உன்னியது, யாரிடம் சொல்ல. அப்போது எனக்கு முன்னால் நின்ற உயரமான ஆள், கழுத்தில் கமெரா, மரியாதையான மனிதர், கேட்டார். காலர் ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாக இருக்கிறதே, நடுப்பூவும் சரிந்திருக்கிறதே, கைவேலைக்காரர் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இது அதுவோ என்று. டொறீன் சிரித்தா. வேண்டுமென்று விடத் தேவையில்லை, வேண்டாமலே போதிய அளவு விடுகிறேன் என்றா. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, ஆனால் இது பிழை இல்லை என்றா. நான் அதுவரை காலரை இலை இலையாகத்தான் பார்த்திருந்தேன், முழுதாகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். கீழ்விளிம்பு இடது பக்கம் அரை அங்குலம் உயர்ந்து நிற்கிறது. பொம்மையின் தோள் இரண்டும் ஒரே மட்டம், அதனால்தான் உயர்ந்து நிற்கிறது. என் கைக்குத்தான் முதலில் விளங்கியது, கண்ணுக்கு அல்ல, கை தானாக அளவுநாடா பிடிக்கிற மாதிரி மடங்கியது. ஆரணிக்கு இடது தோள் சரிவு. பிறந்ததில் இருந்து. பள்ளிக்கூட உடுப்பு, நடன உடுப்பு, பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சட்டை, எல்லாவற்றிலும் இடது பக்கம் அரை அங்குலம் குறைத்து வெட்டுவேன், போட்டால் நேராக நிற்கும், கொடியில் காயப்போட்டால் கோணலாகத் தெரியும். ஒருவருக்கும் தெரியாது. குலத்துக்குக்கூடத் தெரியாது. அது எனக்கும் அவளுக்கும் என் கத்தரிக்கோலுக்கும் மட்டும் தெரிந்தது என்று இருந்தேன். இந்த மனிசி அதைக் கண்டிருக்கிறா. கண்டு, வெல்வெட்டைக் குறைத்து, நடுப்பூவின் காம்பைச் சாய்த்து, இலைகளில் அந்தப் பக்கம் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மணி குறைத்து, என் பிள்ளையின் உடம்பில் எல்லாம் நேராக வரும்படி. பொறாமையா அது, நெஞ்சுக்குள் வந்தது, நன்றியா, இரண்டும் ஒரே இடத்தில் குத்தியது, நான் பேசுவேன் என்று நினைக்கவில்லை, என் குரல் எனக்கே வேறு ஆளின் குரலாகக் கேட்டது.

"இடது தோள்" என்றேன்.

உயரமான ஆள் விலகினார். டொறீன் என்னைப் பார்த்தா. ஆச்சரியப்படவில்லை. ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு, மற்றவர்களுக்கு மொக்கசின் என்கிற தோல் சப்பாத்தைப் பற்றிச் சொல்லப் போனா, ஆனால் அதைக் கெதியாய் முடித்தா, சனம் அடுத்த அறைக்குப் போனது, அவா போகவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து, என்னைப் போலவே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் உள்ளே வரும்போதே உங்களைக் கண்டேன், ஆறுதலாகப் பார்க்கட்டும் என்று விட்டேன் என்றா. அளவெடுக்கும்போது, எந்தத் தோளில் பை கொழுவித் திரிந்தாய், இப்படிச் சரிந்திருக்கிறதே என்று கேட்டாவாம். பையால் வந்ததில்லை, பிறந்ததில் இருந்தே அப்படித்தான், என் அம்மா தைத்தால் அது வெளியே தெரியாது என்று ஆரணி சொன்னாளாம். அதற்காகவே மூன்றுதரம் அவிழ்த்துத் தைத்தேன், உங்கள் கைத்தையலுக்கு ஈடாக வரவேண்டும் என்றுதான் என்றா. என் ஆங்கிலம் எனக்கு வேண்டிய நேரம் ஒருநாளும் வராது. உள்ளுக்குப் போட்டிருக்கிற வெள்ளைச் சட்டையை ஆர் தைத்தது என்று கேட்டேன். வாங்கினது, நல்லாய்ப் பொருந்தவில்லை, மேற்சட்டை மூடிவிட்டது என்றா. அடுத்த அறையில் ஒரு குழந்தை ஓடுகிற சத்தம் கேட்டது.

"நாங்கள் ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம்" என்றா டொறீன். குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று நினைத்ததைச் சொன்னா. கல்யாணம் ஏரிக்கரைப் பூங்காவில் பதினொரு மணிக்கு என்று ஒழுங்கு, எல்லோரும் வந்துவிட்டார்கள், ஆரணி மட்டும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பன்னிரண்டு வரைக்கும் பொறுக்கச் சொன்னாளாம். இந்தப் பாவாடை பாரம், கம்பளியும் மணியும், கதிரையில் இரு என்று சொன்னேன், இருக்கவில்லை என்றா. இருந்தால் கார் வருகிற பாதை தெரியாது என்றாளாம்.

பன்னிரண்டு. இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னோடு கத்தரிக்காயைப் பற்றிக் கதைத்தவள் இதைச் சொல்லவில்லை. ஒரு சொல்லில்கூட, ஒரு குத்தலில்கூட. அந்த நாளை நான் யாருக்கும் சொன்னதில்லை, எனக்கே சொன்னதில்லை, இப்ப அது முழுதாக வந்து நிற்கிறது, தள்ள ஏலாது. நான் ஐந்து மணிக்கு எழும்பித் தலைமுழுகினேன். குலம் ஒன்றும் கேட்காமல் காற்சட்டையும் சேட்டும் போட்டுக்கொண்டு காரைத் துடைத்தார். அலுமாரியைத் திறந்து சீலை எடுத்து உடுத்து, கொசுவத்துக்கு ஊசி குத்தி, கட்டில் விளிம்பில் இருந்தேன். எழும்புவேன் என்றுதான் இருந்தேன். ஒன்பதரைக்கு அவர் காரை ஸ்ரார்ட் பண்ணினார், கேட்டது. பத்துக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. முக்கால் மணித்தியால ஓட்டம். பத்தேகாலுக்கு வெளிக்கிட்டால் சரி, பத்தரைக்கு வெளிக்கிட்டால் கொஞ்சம் பிந்தும், கால் எழும்பவில்லை, ஆரோ அமத்திப் பிடித்தது போல, அது வீம்பு, வேறொன்றும் இல்லை, வீம்பு. பதினொன்றேகாலுக்கு மணிக்கூட்டைப் பார்த்தேன். இப்ப முடிஞ்சிருக்கும் என்று யன்னலால் அவருக்குச் சொன்னேன். அவர் காரை நிப்பாட்டினார். நான் ஊசியைக் கழற்றினேன், நெஞ்சு இலேசாக இருந்தது, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்கிற இலேசு. பதினொன்றேகால். அப்போதும் அவள் நின்றுகொண்டிருந்தாள். அந்த நிமிஷம் வெளிக்கிட்டிருந்தாலும் பன்னிரண்டுக்குப் பாதையில் எங்கட கார் திரும்பியிருக்கும், அவள் கண்டிருப்பாள்.

கண்ணாடியில் கை வைத்தேன். தொடக்கூடாது என்று எழுதியிருந்தது.

"நான் சீலை உடுத்திருந்தனான்" என்றேன், எனக்கு வந்த ஆங்கிலத்தில். "அண்டைக்கு, வீட்டில. உடுத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அவா என் பக்கம் திரும்பினா. கோபிப்பா என்று நினைத்தேன், கோபித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அந்த முகத்தில் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், களைப்புத்தான் இருந்தது, என் முகத்தில் இருக்கிற அதே களைப்பு.

"என்ன நிறம்?" என்று கேட்டா.

அரக்கு என்பதற்கு எனக்கு ஆங்கிலம் தெரியவில்லை. கடும் சிவப்பு, கொஞ்சம் மண்ணிறமும் கலந்தது என்றேன். கரை என்ன நிறம் என்று கேட்டா. பொன் என்றேன், அகலக் கரை இல்லை, இரண்டு விரல் அகலம். டொறீன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கடும் நீலத்தையும் வெள்ளை வளைவுகளையும் பார்த்தா, பிறகு ஊதா நாடாவை, பிறகு காலரை, நிறத்தை நிறத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் பார்க்கிற மாதிரி, அவசரப்படாமல்.

"நல்லாய்ப் பொருந்தியிருக்கும்" என்றா.